சின்ன பாய்மரப் படகுக்கு மிதவை ஃபோம்: ஊத்துற ஃபோமா, போர்டா, காத்துப் பையா?

தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட நிறுத்திக்கலாம். உங்ககிட்ட 14, 15 அடி ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு இருக்கு, உள்ள மிதவைன்னு எதுவும் இல்ல, நாமளே போடணும்னா எக்ஸ்பிஎஸ் போர்டு (கட்டடத்துல சூடு தடுக்க போடற ஃபோம் பலகை) வாங்குங்க, அளவுக்கு வெட்டி சைடு சீட்டுக்கு அடியில உயரமா வச்சு பெல்ட் போட்டு கட்டுங்க. ரெண்டு டப்பாவ கலந்து ஊத்துற பாலியூரிதேன் ஃபோம நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன், ஒரே ஒரு இடத்தத் தவிர, அத கீழ சொல்றேன். எக்ஸ்பிஎஸ்ஸுக்கு 10க்கு 8, பாலிஎத்திலீன் ஃபோமுக்கு 7, காத்துப் பைக்கு 7, ஊத்துற ஃபோமுக்கு 4, தெர்மாகோலுக்கு 2. இது எல்லாத்தையும் கையில தொட்டு வெட்டி மாட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

ஏன் போடணும்னு முதல்ல பாப்போம். முழு மரப் படகு தண்ணி நிறைஞ்சாலும் எப்படியோ தலைய வெளிய வச்சிருக்கும், ஏன்னா மரம் தானே மிதக்கும். ஃபைபர் கிளாஸ் அப்படி இல்ல, தண்ணிய விட ஒன்றரை மடங்கு அடர்த்தி, அதுல இரும்பு சென்டர்போர்டோ (படகு நடுவுல தண்ணிக்குள்ள இறக்கற பலகை) ஈய கீலோ (அடியில நிரந்தரமா இருக்கற கனமான பாகம்) இருந்தா நிறைஞ்ச நிமிஷமே கீழ போக ஆரம்பிச்சிடும். பாய்மரப் படகுங்கறது சாயறதுக்குன்னே இருக்கற வண்டி, பலமான ஒரு காத்து வீச்சுக்கு கவுந்தா உள்ள தண்ணி வராம இருக்காது. இதுல எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் ஒண்ணு இருக்கு, அமெரிக்கால கோஸ்ட் கார்டு விதிப்படி 20 அடிக்குள்ள இருக்கற மோட்டார் படகுக்கெல்லாம் தண்ணி நிறைஞ்சாலும் மிதக்கற ஏற்பாடு கட்டாயம், ஆனா அதே விதியில பாய்மரப் படகுக்கு விலக்கு குடுத்திருக்காங்க. 6 மீட்டருக்குக் கம்மியான படகுகளுக்கு ஐஎஸ்ஓ 12217-3னு ஒரு தரநிலை இருக்கு, ஸ்திரத்தன்மை மிதவை ரெண்டையும் பத்தினது, ஆனா பழைய படகு வாங்கறவங்க கையில அதெல்லாம் வர்றதில்ல. அதனால உள்ள ஒண்ணும் இல்லாத பழைய சின்ன பாய்மரப் படகு நிறைய சுத்திட்டு இருக்கு, வாங்கறவங்களுக்கே அது தெரியாது.

எவ்வளவு ஃபோம் வேணும்? இதுக்கு நிறைய பேர் கண்ணால பாத்து ஒரு குத்துமதிப்பா திணிக்கிறாங்க, வேண்டாம், கணக்கு ரொம்ப சுலபம். 1 லிட்டர் ஃபோம் தண்ணிக்குள்ள முழுசா அமுங்கினா கிட்டத்தட்ட 1 கிலோவ தூக்கும், ஃபோமோட சொந்த எடைய கழிச்சா 0.96 கிலோனு வச்சுக்கோங்க. கடல் தண்ணியில இன்னும் கொஞ்சம் கூட வரும், அத லாபம்னு விட்டுடுங்க. அடுத்தது, படகோட முழு எடையையும் தூக்க வேண்டியதில்ல, தண்ணிக்குள்ள எல்லாப் பொருளும் எடை குறையும். ஃபைபர் கிளாஸ் எடையில மூணுல ஒரு பங்குதான் மிச்சம் நிக்கும், அலுமினியம் 0.63 பங்கு, இரும்பு 0.88, ஈயம் 0.91. பிளைவுட்டுக்கு இது மைனஸ்ல போகும், அதாவது அது உங்களுக்கு உதவி பண்ணுது.

உதாரணத்துக்கு ஃபைபர் ஹல் (படகோட உடல்) 160 கிலோன்னா தண்ணிக்குள்ள 53 கிலோ. இரும்பு சென்டர்போர்டு 50 கிலோன்னா 44. பின்னாடி மாட்டற சின்ன மோட்டார் 20, நங்கூரம் சங்கிலி சாமான் 15, இது ரெண்டையும் முழுசாவே எடுத்துக்கோங்க, பாதுகாப்பு. மொத்தம் 132. அதோட ஒரு 30 சதவீதம் கூட்டினா 172 கிலோ, 0.96ஆல வகுத்தா சுமார் 180 லிட்டர். 120க்கு 60 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு எக்ஸ்பிஎஸ் போர்டு 36 லிட்டர் வரும், ஆக 5 போர்டு போதும், அஞ்சும் சேந்து எடை ஒரு 6 கிலோதான். இவ்வளவு சின்ன எடைக்கு படகு அடியில போகாதுங்கற நிம்மதி கிடைக்குதுன்னா அத போடாம இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியல.

ஆனா இங்கதான் நிறைய பேர் நிறுத்திடறாங்க, நான் இத எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். மூழ்காம இருக்கறது வேற, நீங்க தண்ணிய இறைச்சு வெளிய ஊத்தி மறுபடி ஓட்டிட்டு வர்ற மாதிரி மிதக்கறது வேற. மேல போட்ட 180 லிட்டர் கணக்கு, படகு காணாம போகாம இருக்கத்தான், விளிம்பு தண்ணி மட்டத்துல உரசிட்டு நிக்கும், ஒவ்வொரு அலையும் உள்ள வந்துட்டே இருக்கும். அதுக்கும் மேல சென்டர்போர்டு ஏறி இறங்கற பெட்டி இருக்கே, அடிப்பக்கம் தண்ணிக்குத் திறந்தே இருக்கும், அதோட மேல்வாய் வெளித் தண்ணி மட்டத்துக்குக் கீழ போயிட்டா நீங்க ஒரு வாளி இறைக்கறதுக்குள்ள அது வழியா ரெண்டு வாளி உள்ள வரும், எத்தனை மணி நேரம் இறைச்சாலும் மட்டம் இறங்காது. ஃபோம் போட்டு பத்திரமா இருக்குன்னு நம்பி கிளம்பறவங்க இந்த இடத்துல மாட்டிக்குவாங்க. அதனால படகு நிறைஞ்ச நிலையில அந்த பெட்டி வாய் தண்ணிக்கு மேல நிக்கற அளவுக்கு ஃபோம் போடணும், என் அளவு படகுல அது கணக்குல வந்தத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆச்சு. இன்னொரு வழி, பெட்டி வாய்க்கு ஒரு மூடியோ கேன்வாஸ் பட்டையோ ரெடியா வச்சிருங்க, கவுந்து நிமிந்ததும் முதல் வேலையா அத அடைச்சுட்டு இறைக்க ஆரம்பிக்கலாம். ஃபோம் இடத்த அடைக்கிறதால உள்ள வர்ற தண்ணியும் அந்த அளவு கம்மி, அது ஒரு கூடுதல் வரவு.

எங்க வைக்கணும்ங்கறது எவ்வளவுங்கறத விட முக்கியம். தரைக்கு அடியில பில்ஜுல காலி இடம் இருக்குன்னு அங்கேயே எல்லாத்தையும் திணிக்கிறது ரொம்ப பேர் பண்றது, பாக்க சுத்தமா இருக்கும், இடமும் வீணாகாது. ஆனா தண்ணி நிறைஞ்சதும் கீழ இருக்கற ஃபோம் மேல வரத்தான் பாக்கும், உள்ள இருக்கற தண்ணி ஒரு பக்கமா ஓடும், படகு லேசா தொட்டாலே உருண்டு தலைகீழா போயிடும், அப்புறம் தலைகீழாவே அழகா நிலையா மிதக்கும், நிமித்தவே முடியாது. ஃபோம் ரெண்டு ஓரத்துலயும், உயரமா, விளிம்புக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும். அப்பதான் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து ஃபோம் தண்ணியில அமுங்கி திருப்பித் தள்ளும். முன்பக்கமும் பின்பக்கமும் கொஞ்சம் வேணும், மோட்டார் இருந்தா பின்பக்கம் கூடவே வேணும், இல்லன்னா மூக்கு வானத்தப் பாத்து நிக்கும்.

இதுலயும் ஒரு அளவு இருக்குங்க. ஓரத்துல அளவுக்கு மீறி ஃபோம் வச்சா படகு பக்கவாட்டுல கவுந்து கிடக்கும்போது ரொம்ப உயரமா மிதக்கும், நிமித்தறதுக்குப் பிடிக்க வேண்டிய சென்டர்போர்டு கைக்கு எட்டாது, காத்துல நம்மள விட்டு வேகமா நழுவிப் போகும், நீந்திப் பிடிக்கிறது கஷ்டம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அத உங்க படகுலதான் தேடிக் கண்டுபிடிக்கணும், எந்த அட்டவணையும் சொல்லாது. அதே மாதிரி பாய்மர உச்சியில ஒரு சின்ன மிதவை வைக்கிறத நான் பலமா சிபாரிசு பண்றேன், 6 மீட்டர் உயரத்துல வெறும் 5 லிட்டர் வச்சா கூட அது 1 மீட்டர் தூரத்துல 30 கிலோ பிடிச்சு இழுக்கற மாதிரி வேல செய்யும், படகு முழுசா தலைகீழா போறத தடுக்கும். மாஸ்ட்டுக்குள்ள தண்ணி ஏறாம ரெண்டு முனையையும் அடைச்சு வைங்க, அதுக்கு ஃபோம் துண்டே போதும்.

இனி ஒவ்வொரு பொருளா.

ஊத்துற பாலியூரிதேன் ஃபோம். ரெண்டு திரவம், சம அளவு கலக்கணும், ஒரு நிமிஷத்துக்குள்ள பொங்க ஆரம்பிக்கும், படகுக்குன்னு அதிகமா விக்கிற, கன அடிக்கு 2 பவுண்டு அடர்த்தி உள்ளது திரவமா இருந்ததப் போல 25, 30 மடங்கு பெருசாகும். பாக்க பிரமாதமா இருக்கும், எந்த கோணல் மாணல் இடத்தையும் நிரப்பும், ஹல்லோட ஒட்டிக்கிட்டு அத விறைப்பாவும் ஆக்கும். இதுக்கு எல்லாரும் காட்டற உதாரணம் பாஸ்டன் வேலர்ங்கற அமெரிக்க மோட்டார் படகு, 1958ல வந்தது, 1961ல லைஃப் பத்திரிகையில அந்தப் படகை ரெண்டா அறுக்கிற படம் வந்து உலகமே பாத்துச்சு, அறுத்த பாதியும் மிதந்துச்சு. ஆனா அது தொழிற்சாலையில அச்சுக்குள்ள வச்சு, ரெண்டு தோலுக்கு நடுவுல, வெப்பம் அளவு எல்லாம் கட்டுப்பாட்டுல வச்சு பண்ணது. பழைய படகுல டெக்கில ஓட்டை போட்டு ஊத்துறது வேற வேலை.

முதல் பிரச்சினை சூடு. ஒரே தடவையில நிறைய ஊத்தினா நடுப்பகுதி வெந்து பழுப்பாகி விரிசல் விடும், மோசமான நேரத்துல தீப்பிடிக்கவே செய்யும், அதனால கொஞ்சம் கொஞ்சமா அடுக்கா ஊத்தி ஒவ்வொண்ணும் ஆறின பிறகுதான் அடுத்தது. ரெண்டாவது அழுத்தம், காத்து வெளிய போக ஓட்டை இல்லாம மூடின இடத்துல ஊத்தினா சீட்டு பேனல் உப்பிடும், மெல்லிசான ஹல்லா இருந்தா வெளியிலயே தெரியும். குளிர்ல சரியா பொங்காது, அடர்த்தி மாறிடும், அப்ப உங்க கணக்கு எல்லாம் தப்பாயிடும். வர்ற ஆவி ஐசோசயனேட்ங்கற நச்சு ரசாயனம், சாதாரண துணி மாஸ்க் எல்லாம் போதாது, அதுக்கான ரெஸ்பிரேட்டரும் கையுறையும் கண்ணாடியும் இல்லாம டப்பாவத் திறக்கவே கூடாது.

இதெல்லாம் கவனமா பண்ணாலும் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுக்கு அப்புறம்தான் வருது, ஊத்தின பிறகு அத எடுத்துப் பாக்க முடியாது. க்ளோஸ்டு செல் ஃபோம்னு, அதாவது உள்ள இருக்கற குமிழெல்லாம் மூடினதுன்னு, டப்பாவுல போட்டிருப்பாங்க, புதுசுல சரிதான், ஆனா பில்ஜுல நிக்கிற தண்ணியில வருஷக்கணக்கா ஊறினா, வெட்டின ஓரம் வழியா, திருகாணி ஓட்டை வழியா மெல்ல மெல்ல தண்ணிய இழுத்துக்கும். படகு கனக்க ஆரம்பிக்கும், ஏன்னு தெரியாது. என் படகோட முன் லாக்கர்ல (சாமான் வைக்கிற அறை) முன்னாடி யாரோ ஊத்தியிருந்தாங்க, உளியால பேத்து எடுத்தப்போ கீழ்ப்பகுதி கைல பிழிஞ்சா தண்ணி சொட்டுச்சு, அதுக்குப் பக்கத்துல இருந்த பிளைவுட் தடுப்பு விரல் வச்சா உள்ள போற அளவுக்கு உளுத்திருந்துச்சு. மரத்த ஒட்டி ஃபோம் ஊத்தினா மரம் காயவே காயாது. நான் சொன்ன அந்த ஒரே இடம் எதுன்னா, கை நுழையாத, தண்ணி தேங்காத, மரம் இல்லாத சின்ன உயரமான குழி, அங்க மட்டும் ஊத்துங்க. கதவு சந்து அடைக்கிற ஸ்பிரே கேன் ஃபோம வச்சு இந்த வேலைய பண்ணலாமான்னு கேட்டா கண்டிப்பா கூடாது, அது காத்துல இருக்கற ஈரத்தாலதான் இறுகும், ஆழமான மூடின இடத்துல உள்ள பச்சையாவே நிக்கும், தண்ணியும் குடிக்கும்.

தெர்மாகோல் பத்தி சீக்கிரம் முடிச்சிடறேன். குட்டி மணிகள ஒட்ட வச்சதுதான் அது, மணிக்கும் மணிக்கும் நடுவுல தண்ணி புகும், உரசினா உதிரும், உதிர்ந்த மணி தண்ணியில போய் சேரும், அத மீனும் பறவையும் தின்னும். சன்ஃபிஷ்னு ஒரு சின்ன பாய்மரப் படகு, அதுல பழசுக்குள்ள இருக்கற ஃபோம் கட்டைங்க ஊறி ஹல் கனத்துப் போறது அந்தப் படகு வச்சிருக்கறவங்களுக்கு ரொம்பப் பழக்கமான கதை, டெக்குல ஒரு இன்ஸ்பெக்ஷன் மூடி வெட்டி சின்ன ஃபேன் வச்சு வாரக்கணக்கா காய வைப்பாங்க. புதுசா போடறவங்க ஏன் அந்த வழிக்குப் போகணும்.

எக்ஸ்பிஎஸ் போர்டு. கட்டட வேலைக்கு சூடு தடுக்க போடற அதே நீலம், ரோஸ் கலர் போர்டுதான், மணி மணியா இல்லாம ஒரே சீரா இருக்கும், தண்ணி குடிக்கிறது ரொம்ப ரொம்ப கம்மி. ரம்பத்தால அறுக்கலாம், தூள் பறக்கும், நீளமான கத்தியால கீறி ஒடிச்சா சுத்தமா வரும். சூடான கம்பியால வெட்டினா புகை வரும், வெளிய வச்சு பண்ணுங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, கணக்குப் போட்ட லிட்டர் அப்படியே கையில நிக்குது, பாதி பொங்கிச்சா முழுசா பொங்கிச்சான்னு சந்தேகமே இல்ல. எப்ப வேணா கழட்டி எடுத்து காய வச்சு திருப்பி மாட்டலாம்.

குறை இல்லாம இல்ல. பெட்ரோல் பட்டா கரைஞ்சு கூழாயிடும், அதனால பெட்ரோல் டேங்க் பக்கத்துல வைக்காதீங்க, அந்த லாக்கருக்கு வேற பொருள் இருக்கு. பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் கரையும், மேல ஃபைபர் துணி போட்டு மூடணும்னு நினைச்சா எப்பாக்சிதான், அது ஒண்ணும் பண்ணாது. வெயில் நேரா பட்டா மேல்பரப்பு பொடியா உதிரும், சீட்டுக்கு அடியில இருந்தா கவலை இல்ல, திறந்த இடம்னா ஒரு துணி உறை தைச்சுப் போடுங்க. அப்புறம் அந்த கீச் கீச் சத்தம், ஃபைபர்ல உரசி உரசி காது கூசும், தொடுற இடத்துல பழைய கார்ப்பெட் துண்டு ஒட்டினதும் நின்னுச்சு. இவ்வளவுதான் குறை, அதனாலதான் 8.

பாலிஎத்திலீன் ஃபோம் பலகை, அந்த பெட்ரோல் லாக்கருக்கான பொருள் இதுதான். பெட்ரோல் ஒண்ணும் பண்ணாது, வளையும், மிதிச்சா நசுங்கி திரும்பி எழும், ஓரம் உதிராது. ஆனா பசை எதுவும் சரியா பிடிக்காது, சூடு காத்து துப்பாக்கியால உருக்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டலாம், இல்லன்னா கட்டித்தான் வைக்கணும். வாங்கறதுக்கு எக்ஸ்பிஎஸ் அளவு சுலபமா கிடைக்காது, செலவும் கூட. நீச்சல் குளத்துல பசங்க வச்சிருக்கற நூடுல் குழாயும் கிட்டத்தட்ட இதே பொருள்தான், அத அடுக்கி வைக்கலாமான்னு கேப்பாங்க, வைக்கலாம், ஆனா வட்டத்த வட்டத்தோட எவ்வளவு நெருக்கமா அடுக்கினாலும் பத்துல ஒரு பங்கு இடைவெளி போயிடும், நடுவுல ஓட்டை வேற, அதனால லாக்கர் நிறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் லிட்டர் கணக்குல பாத்தா ரொம்ப கம்மியா இருக்கும். போட்டா கணக்குப் போட்டு போடுங்க.

காத்துப் பை. ஆப்டிமிஸ்ட்னு குழந்தைங்க ஓட்டற குட்டிப் படகுல 3 காத்துப் பை இருக்கும், உலகம் முழுக்க பசங்க அத நம்பித்தான் கவுந்து கவுந்து நிமிந்து கத்துக்கிறாங்க, அதனால இது நம்பக் கூடாத பொருள்னு யாரும் சொல்ல முடியாது. எடை இல்ல, கழட்டலாம், பழுது வெளிய தெரியும். ஆனா கூரா ஏதாவது குத்தினா போச்சு, வால்வு கசியும், வெயில்ல காத்து விரியும் அதனால காலையில கல்லு மாதிரி அடிக்காதீங்க. ராத்திரி ஊதி வச்சுட்டு காலையில அமுக்கிப் பாருங்க, தளர்ந்திருந்தா மாத்துங்க. நான் மூக்குப் பகுதியில பை, ஓரங்கள்ல எக்ஸ்பிஎஸ், பெட்ரோல் லாக்கர்ல பாலிஎத்திலீன்னு கலந்து வச்சிருக்கேன், ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு இருக்கும்.

கட்டற விஷயத்துல தயவு செஞ்சு சோம்பல் படாதீங்க. 45 லிட்டர் கட்டை ஒண்ணு தண்ணிக்குள்ள 43 கிலோ பலத்தோட மேல இழுக்கும், ரெண்டு சொட்டு பசையும் நாலு சின்ன திருகாணியும் அத பிடிக்காது, மெல்லிசு ஃபைபர்லேர்ந்து திருகாணி பிடுங்கிட்டு வந்துடும், ஃபோம் ஒரு பக்கம் படகு ஒரு பக்கம் போகும். சீட்டோட அடிப்பக்கத்துல முட்டி நிக்கற மாதிரி வைக்கிறதுதான் நல்லது, பலம் பரவலா பிரியும். பெல்ட்னா அகலமான நைலான் பட்டை, அதுக்கு முழுசா ஊடுருவி போற போல்ட், பின்னாடி பெரிய வாஷர். அடியில விரல் அளவு இடைவெளி விட்டு தண்ணி ஓடிப் போக வழி வைங்க, காத்து போக வழி வைங்க, மூடின பெட்டியா இருந்தா கை போற அளவுக்கு ஒரு மூடி கண்டிப்பா வேணும்.

எல்லாம் மாட்டினதும் கரையோரம் இடுப்பளவு தண்ணியில, காத்து இல்லாத நாள்ல, லைஃப் ஜாக்கெட் போட்டு, கூட ஆள் வச்சுக்கிட்டு, படகை வேணும்னே நிறைச்சுப் பாருங்க. இத பண்ணாம எந்த ஃபோமுக்கும் மார்க் போட முடியாது. மோட்டார கழட்டிட்டு அதே எடைக்கு கனமான வேற ஏதாவது கட்டி வைங்க. நான் பண்ணப்போ மட்டம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்து நின்னுச்சு, முன்னாடி இருந்த ரெண்டு கட்டைய பின் சீட்டுக்கு அடியில மாத்தினதும் பெட்டி வாய் தண்ணிக்கு மேல வந்துச்சு, அப்புறம் வாளியால இறைக்க இறைக்க மட்டம் கண்ணு முன்னாடி இறங்குச்சு. உள்ள ஏறி ஒரு பக்கமா உக்காந்து பாருங்க, உருளுதா பிடிச்சு நிக்குதான்னு தெரிஞ்சிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கட்டைய எடுத்து எடை போடுங்க, மாட்டறதுக்கு முன்னாடியே எடைய மார்க்கர்ல அதும் மேலயே எழுதி வச்சுட்டா ஒப்பிடறது சுலபம். எக்ஸ்பிஎஸ் கட்டைங்க எனக்கு இதுவரைக்கும் எழுதின எடையிலயே நிக்குது. பெட்ரோல் லாக்கர் பக்கத்து பெல்ட் மட்டும் உரசி நூல் பிரிய ஆரம்பிச்சிருந்துச்சு, அத மாத்திட்டேன், பாலிஎத்திலீன் பலகைக்கு ஒண்ணும் ஆகல.